கேப்ஸ் லாக்கில் கிளிக்: மூன்று இலவச வழிகளும் ஒரு நம்பர் பேடும்

டேலி என்கிற கணக்கு மென்பொருளுக்குள் இருக்கும்வரை எனக்கு மவுஸ் வேண்டியதே இல்லை. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசிப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். புது லெட்ஜர் வேண்டுமா, ஆல்ட்+சி. என்ட்ரி முடிந்ததா, கன்ட்ரோல்+ஏ. அதன் புதிய பதிப்பான டேலிபிரைமில் ஆல்ட்+ஜி அடித்து ரிப்போர்ட் பெயரில் நாலு எழுத்தைத் தட்டினால் நேராக அங்கே போய் நிற்கும். ஈரோட்டு ஆடிட்டர் ஆபீஸ்களில் வேலை பழகிய எங்களுக்கெல்லாம், மவுஸைப் பிடித்துக்கொண்டு டேலி போடுகிறவரைப் பார்த்தால் கொஞ்சம் இளக்காரம்தான்.

ஆனால் வேலையில் பாதி டேலிக்கு வெளியேதான் நடக்கிறது. ரிட்டர்ன் போடும் தளம், பேங்க் தளம், பார்ட்டிகள் அனுப்பும் பிடிஎஃப், வாட்ஸாப் வெப். பிடித்தம் செய்த வரியான டிடிஎஸ்ஸைக் கட்ட 7-ஆம் தேதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன்களான ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11, 3பி-க்கு 20 என்று மாதத்துக்கு மூன்று கெடு. அந்த நாட்களில் காலையிலிருந்து ராத்திரிவரை கிளிக், கிளிக், கிளிக். இப்போது என் வலது ஆள்காட்டி விரலை மடக்கினால் பாதியில் சிக்கிக்கொள்கிறது; நிமிர்த்தினால் ‘டொக்’ என்று விடுபடுகிறது. எலும்பு டாக்டர் இதற்கு ட்ரிகர் ஃபிங்கர் என்றார். விரலை மடக்குகிற தசைநாண் ஒரு உறைக்குள் ஓடுகிறது, அங்கே தடித்துப்போனால் இப்படிச் சிக்குமாம். ஊசி, ஆபரேஷன் எல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் அந்த விரலுக்கு வேலையைக் குறை என்றார். மவுஸை இடது கைக்கு மாற்றிப் பார்த்தேன். கர்சர் நான் சொன்ன இடத்துக்குப் போக மாட்டேன் என்கிறது, கெடு நாளில் அதோடு மல்லுக்கட்ட நேரமில்லை.

மவுஸ் செய்வது இரண்டு வேலை. ஒன்று சுட்டுவது, இன்னொன்று அழுத்துவது. சுட்டும்போது மணிக்கட்டும் முழங்கையும் நகர்கின்றன, அதில் எனக்கு வலி இல்லை. அழுத்துவதுதான் அந்த ஒரு விரலைக் கொல்கிறது. ஆக, மவுஸை ஒழித்துக்கட்ட வேண்டிய அவசியம் இல்லை, கிளிக்கை மட்டும் கீபோர்டுக்கு மாற்றினால் போதும். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் முதன்முதலாக மேடையில் மவுஸைக் காட்டியபோது, வலது கையில் மவுஸ், இடது கைக்கு ஐந்து விசை கொண்ட தனிப் பலகை, நடுவில் சாதாரண கீபோர்டு என்று வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். மவுஸைக் கண்டுபிடித்தவரே இடது கையைச் சும்மா விடவில்லை. அப்புறம் மவுஸ் மட்டும் உலகமெல்லாம் போயிற்று, அந்த ஐந்து விசைப் பலகை காணாமல் போயிற்று.

இனி நான் பயன்படுத்திப் பார்த்தவை. முதலில் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிற ‘மவுஸ் கீஸ்’. காசு இல்லை, இன்ஸ்டால் செய்ய எதுவும் இல்லை. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், ‘நம் லாக்’ (Num Lock) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சத்தத்தோடு, ஆன் பண்ணட்டுமா என்று கேட்கும். எஸ் கொடுத்ததும் நம்பர் பேட் மவுஸாகிவிடும். 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது, மூலையில் இருக்கும் நாலு எண்களும் குறுக்கே. 5 அடித்தால் கிளிக். கூட்டல் குறி டபுள் கிளிக். கழித்தல் குறியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு 5 அடித்தால் ரைட் கிளிக், மறுபடி சாதாரணக் கிளிக்குக்கு வர வகுத்தல் கோடு. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 0. அதைத் தட்டினால் மவுஸ் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற கணக்கு. புள்ளியைத் தட்டினால் விட்டுவிட்ட கணக்கு. பேங்க் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்பில் மேலிருந்து கீழ்வரை வரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது விரலை அமுக்கிக்கொண்டே இழுப்பதுதான் பெரிய கொடுமை. 0 அடித்து, மவுஸை நகர்த்தி, புள்ளி அடித்தால் வேலை முடிந்தது. விரல் எதையும் பிடித்திருக்கவில்லை.

கர்சரை எண்களாலேயே நகர்த்துவது வேறு கதை. வேகம் குறைவாக வைத்துத்தான் தருகிறார்கள். ஸ்க்ரீனின் மேல் மூலையிலிருந்து கீழே இருக்கும் சேவ் பட்டனுக்குப் போய்ச் சேர்வதற்குள் பார்ட்டி ரெண்டு முறை போன் பண்ணிவிடுவார். செட்டிங்ஸ், ஆக்சசிபிலிட்டி, மவுஸ் என்று போனால் வேகத்தையும் முடுக்கத்தையும் கூட்ட ஸ்லைடர்கள் இருக்கின்றன. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டால் வேகமாகவும், ஷிஃப்ட்டைப் பிடித்தால் மெதுவாகவும் போகும்படியும் அங்கேயே டிக் பண்ணலாம். கூட்டிவிட்டால் பரவாயில்லை, ஆனால் சின்னச் செக்பாக்ஸைப் பிடிக்கும்போது தாண்டிப்போய்விடும். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மவுஸையே பிடிக்க முடியாதவர்களுக்காக அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ட்ரேஸ் சென்டரில் உருவாக்கியது இது. விண்டோஸ் 95-லேயே உள்ளே வந்துவிட்டது. கை அசையாத ஒருவருக்கு ஒரு குச்சியால் விசையைத் தட்டியாவது கம்ப்யூட்டரை முழுசாக ஓட்ட முடியும் என்றால் அதன் மதிப்பே தனி. எனக்குத் தேவைப்பட்டது அதில் 5-ம் 0-வும் மட்டும்.

அங்கேதான் ஒரு சிக்கல். நம்பர் பேட் இருப்பது கீபோர்டின் வலது பக்கம். வலது கை மவுஸில் இருக்கும்போது இடது கையைக் குறுக்கே நீட்டி 5 அடிப்பது உட்கார்ந்த இடத்தில் யோகாசனம். அதனால் தனியாக யுஎஸ்பி நம்பர் பேட் ஒன்று வாங்கி இடது பக்கம் வைத்தேன். பேர் தெரியாத கம்பெனிதான், ஐநூறு ரூபாய்க்குள் முடிந்தது. செருகியதும் வேலை செய்தது. மவுஸ் கீஸுக்கு எந்தப் பேடிலிருந்து எண் வருகிறது என்பது முக்கியமில்லை. லேப்டாப்பில் நம்பர் பேடே இல்லாதவர்களுக்கும் இதுதான் வழி. விசைகள் கொஞ்சம் கடகடவென்று ஆடுகின்றன, அடியில் ஒட்டிய ரப்பர் வழுக்குகிறது, டபுள் டேப் வைத்து மேஜையில் ஒட்டிவிட்டேன். அந்த விலைக்கு அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில பேடுகளில், கீபோர்டின் நம் லாக் எப்படி இருந்தாலும் பேடில் எண்தான் விழும் என்பதை ஒரு வசதியாக விளம்பரப்படுத்துவார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னும் பின்னும் நம் லாக்கைத் தானே தட்டிக்கொள்ளும் வகை அது. மவுஸ் கீஸ் ஆனில் இருப்பதா ஆஃபில் இருப்பதா என்பதை முடிவுசெய்வதே நம் லாக்தான் என்பதால் அந்த மாதிரிப் பேடு இதற்கு உதவாது.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு, ஆபீஸில் இதை நான் ஏன் தொடரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் லாக் விண்டோஸ் முழுக்க ஒன்றே ஒன்றுதான். இடது பேடை மவுஸாக்கினால் வலது பக்கத்து நம்பர் பேடும் கூடவே மவுஸாகிவிடும். கணக்கு எழுதுகிறவளுக்கு அது எப்படி ஆகும்? தொகை அடிக்க ஒருமுறை நம் லாக், கிளிக் பண்ண ஒருமுறை நம் லாக் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் 18,500 அடிக்க வேண்டிய இடத்தில் கர்சர் ஊர்வலம் போகும். பேடில் எண்ணே அடிக்காதவர்களுக்கு, பக்க வடிவமைப்போ மொழிபெயர்ப்போ செய்கிறவர்களுக்கு, இந்த ஏற்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கணக்குக்காரர்களுக்கு இல்லை. என் பேட் இப்போது வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறது.

ஆபீஸில் இப்போது இருப்பது ஆட்டோஹாட்கீ. 2003-இலிருந்து இருக்கிற இலவச மென்பொருள். எந்த விசையையும் வேறு எந்த விசையாகவும் மாற்றும், மவுஸ் பொத்தானாகவும் மாற்றும். பெரிய புரோகிராம் எல்லாம் எழுதலாம் என்கிறார்கள். நான் எழுதியது மூன்றே வரி, நோட்பேடில். முதல் வரியில் கேப்ஸ்லாக், அடுத்து இடைவெளி விடாமல் இரண்டு முக்காற்புள்ளி, அடுத்து எல்பட்டன். ஆங்கிலத்தில் CapsLock::LButton. எல்பட்டன் என்றால் மவுஸின் இடது பொத்தான். ஃபைலை ஏஎச்கே என்ற பின்னொட்டோடு சேவ் பண்ணி டபுள் கிளிக் செய்தால் ஓடத் தொடங்கிவிடும். இப்போது வலது கை மவுஸைச் சும்மா நகர்த்துகிறது, இடது சுண்டுவிரல் கேப்ஸ் லாக்கைத் தட்டுகிறது. அவ்வளவுதான்.

இது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றால், அமுக்கிப் பிடித்தால் மவுஸ் பொத்தானை அமுக்கிப் பிடித்த மாதிரியே நடந்துகொள்கிறது. எக்செலில் இழுத்துத் தேர்ந்தெடுக்கலாம், விண்டோவை இழுத்து நகர்த்தலாம். கன்ட்ரோலோடு சேர்த்து அடித்தால் கன்ட்ரோல் கிளிக், எட்ட எட்ட இருக்கிற செல்களைப் பொறுக்கலாம். ரெண்டு தட்டுத் தட்டினால் டபுள் கிளிக். எதற்கும் தனியாக ஒரு வரி எழுத வேண்டியதில்லை.

ரெண்டாவது வரி, எண் 1-க்கு இடது பக்கம் இருக்கும் விசையை ரைட் கிளிக் ஆக்குவது. உண்மையில் ரைட் கிளிக்குக்கு விண்டோஸிலேயே ஷிஃப்ட்+எஃப்10 இருக்கிறது. பழைய கீபோர்டுகளில் வலது கன்ட்ரோல் பக்கத்தில் பட்டியல் படம் போட்ட விசையும் உண்டு. 2024-க்குப் பிறகு வருகிற பல லேப்டாப்களில் அந்த இடத்தில் கோபைலட் விசை உட்கார்ந்துகொண்டது. ஷிஃப்ட்+எஃப்10 தேர்வில் இருக்கிற பொருளுக்குத்தான் மெனு திறக்கும், கர்சர் நிற்கிற இடத்துக்கு இல்லை. அந்த வித்தியாசம் வேண்டியிருப்பதால் ரெண்டாவது வரி.

மூன்றாவது வரிதான் கணக்குக்காரர்களுக்கு. கேப்ஸ் லாக் யாருக்கும் தேவையில்லாத விசை என்று கம்ப்யூட்டர்காரர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பான் பத்து எழுத்து, ஜிஎஸ்டி நம்பர் பதினைந்து, ஐஎஃப்எஸ்சி பதினொன்று, எல்லாமே பெரிய எழுத்து. எங்களுக்குக் கேப்ஸ் லாக் நாள் முழுக்க வேண்டும். அதனால் அதைத் தூக்கி ஸ்க்ரோல் லாக்குக்குக் கொடுத்துவிட்டேன். இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. எக்செலில் தெரியாமல் ஸ்க்ரோல் லாக் விழுந்துவிட்டால் அம்புக்குறி அடிக்கும்போது செல் மாறாமல் ஷீட்டே நகரும். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறையாவது “ஏனுங்க்கா, எக்செல் கெட்டுப்போச்சுங்க” என்று வந்து நிற்பார்கள். என் கம்ப்யூட்டரில் அந்த விசையே இல்லை என்பதால் அந்தத் தொல்லையும் இல்லை.

குறைகள் உண்டு. டிஜிட்டல் கையெழுத்துக்கான மென்பொருளை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்தால் அந்த விண்டோவுக்குள் கேப்ஸ் லாக் கிளிக் செல்லாது. சாதாரண உரிமையில் ஓடுகிற புரோகிராம் அட்மினிஸ்ட்ரேட்டர் விண்டோவுக்குக் கட்டளை அனுப்பக் கூடாது என்பது விண்டோஸின் பாதுகாப்பு ஏற்பாடு. ஆட்டோஹாட்கீயையும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் சரியாகும். நான் அதைச் செய்வதில்லை, கையெழுத்துப் போடுகிற இடத்திலாவது கையால் கிளிக் பண்ணிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்தது, இணையத்தில் கிடைக்கிற பழைய ஸ்க்ரிப்டுகள் பலவும் முதல் பதிப்புக்கு எழுதியவை. இப்போது இருக்கிற இரண்டாம் பதிப்பில் அப்படியே ஓடாது. நான் சொன்ன மாதிரி வரிகள் ரெண்டிலும் ஓடும். எங்கேயோ யாரோ தயாராகக் கொடுக்கிற இஎக்ஸ்இ ஃபைலை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, வரியை நீங்களே தட்டுங்கள். விசைகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் புரோகிராம் இது, கிளையன்ட் பாஸ்வேர்டு அடிக்கிற கம்ப்யூட்டரில் அது யார் எழுதியது என்று தெரியாமல் இருக்கக் கூடாது.

கடைசியாக விமியம். இது குரோம், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்களில் போடும் எக்ஸ்டென்ஷன், இலவசம், மூலநிரலும் திறந்திருக்கிறது. எஃப் விசையைத் தட்டினால் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு லிங்க் மேலும் பட்டன் மேலும் மஞ்சள் சீட்டு மாதிரி ஓரிரு எழுத்து முளைக்கும். அந்த எழுத்தைத் தட்டினால் கிளிக். மவுஸைத் தொடவே வேண்டாம். ஷிஃப்ட்டோடு எஃப் அடித்தால் புது டேபில் திறக்கும். ஜே கீழே, கே மேலே. டி அடித்தால் அரைப் பக்கம் இறங்கும். ஷிஃப்ட்+எச் பின்னால் போகும். எக்ஸ் டேபை மூடும், ஷிஃப்ட்+எக்ஸ் மூடியதைத் திறக்கும். ஜேயும் கேயும் எங்கிருந்து வந்தன என்றால், 1970-களில் பில் ஜாய் வீஐ என்ற எடிட்டரை எழுதிய ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற பழைய கம்ப்யூட்டர் டெர்மினலில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. டேலி ஆள் எனக்கு இந்த ஏற்பாடு ஒரே நாளில் கையில் வந்துவிட்டது. எழுத்தைத் தட்டினால் வேலை நடக்கிற உலகம் எங்களுக்குப் புதிது இல்லையே.

தமிழில் எழுதுகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, தமிழ் கீபோர்டு ஆனில் இருக்கும்போது என்ன ஆகும் என்பது. தமிழ்99 என்ற விசை அமைப்பில் எஃப் விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. அதை அடித்தால் விமியத்துக்குப் புள்ளிதான் போய்ச் சேரும், சீட்டு எதுவும் முளைக்காது. விமியத்தின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் கீபோர்டு லேஅவுட்டைப் பொருட்படுத்தாதே என்ற அர்த்தத்தில் ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் எந்த மொழி ஆனில் இருந்தாலும் விசை இருக்கும் இடத்தை வைத்தே அது புரிந்துகொள்ளும். விண்டோஸோடு வரும் தமிழ்99-இல் எனக்கு இது சரியாக ஓடுகிறது.

ஆனால் விமியம் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. குரோமின் செட்டிங்ஸ் பக்கத்திலும் எக்ஸ்டென்ஷன் கடையிலும் பிடிஎஃப் திறக்கிற பக்கத்திலும் வேலை செய்யாது. சில தளங்களில் பட்டன் மாதிரித் தெரிவது உள்ளே பட்டனே இல்லை, வெறும் கட்டத்துக்கு நிறம் பூசி வைத்திருப்பார்கள். அங்கே சீட்டு முளைக்காது. அந்த மாதிரிப் பக்கத்தில் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்திக் கேப்ஸ் லாக்கைத் தட்டுவதுதான். அதனால்தான் விமியத்துக்கு இரண்டாவது இடம்.

பேங்க் வேலைக்கு நான் விமியத்தையே வைத்துக்கொள்வதில்லை. எல்லாத் தளங்களின் தகவலையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்டுத்தான் இன்ஸ்டால் ஆகிறது. சீட்டு ஒட்ட வேண்டுமானால் பக்கத்தைப் படித்துத்தானே ஆக வேண்டும். அதன்மேல் சந்தேகம் இல்லை, ஆனால் அடுத்தவர் பணம் விஷயத்தில் எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாத தனி குரோம் புரொஃபைல் ஒன்றில் மட்டும்தான் பேங்க் திறப்பேன். அங்கே ஒரு பேங்க் பாஸ்வேர்டைத் திரையில் இருக்கும் கீபோர்டில் கிளிக் பண்ணித்தான் அடிக்கச் சொல்கிறது. எழுத்துகளும் ஒவ்வொரு முறையும் இடம் மாறும். இதற்கு எந்தக் குறுக்குவழியும் கிடையாது, வலது கையால் தேடி இடது கையால் தட்டவேண்டியதுதான். கேப்ஸ் லாக் இல்லாவிட்டால் என் விரலுக்கு அந்த ஒரு பேங்கே போதும்.

மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பில் ஒரு சின்ன உதவி உண்டு: இடது கன்ட்ரோலை ரெண்டு தட்டுத் தட்டினால் கர்சர் நிற்கிற இடத்தில் மட்டும் வெளிச்சம் விழும். ரெண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேண்டும். க்னோம் என்ற திரை அமைப்போடு வரும் லினக்ஸில், கர்சரை ஓர் இடத்தில் சற்று நிறுத்தினால் தானே கிளிக் ஆகும் வசதி இருக்கிறது. என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் பார்த்தேன். படித்துக்கொண்டே கர்சரை எங்கேயாவது விட்டுவைக்கிற என் பழக்கத்துக்கு அது ஆபத்து.

ஆபீஸில் இதைப் பார்த்த பக்கத்து சீட்டுப் பெண் “எனக்கும் போட்டுக் குடுங்க்கா” என்று கேட்டுப் போட்டுக்கொண்டாள், அவளுக்கு விரல் வலி எதுவும் இல்லை, வேகத்துக்காக. ஆடிட்டர் சார் மட்டும் என் சீட்டில் உட்கார்ந்து பான் நம்பர் அடிக்கப் போய்க் கேப்ஸ் லாக்கைத் தட்டினால் எங்கேயோ எதுவோ கிளிக் ஆகிறது என்று திட்டுகிறார். அவர் எழுந்து வரும்போதே கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை எச் ஐகானில் ரைட் கிளிக் செய்து சஸ்பெண்ட் கொடுத்துவிடுவேன், ஐகான் எஸ் என்று மாறிவிடும். ஒரே கம்ப்யூட்டரில் ரெண்டு பேர் மாறி மாறி உட்காருகிற ஆபீஸாக இருந்தால் ஆளுக்கொரு விண்டோஸ் யூசர் வைத்துக்கொண்டு, ஸ்க்ரிப்டை உங்களுடைய ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் மட்டும் போடுங்கள்.